பத்து நிமிடச் சான்ட்விச்சும் அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலங்களும்

நாம் வாழும் காலத்தை அவசர யுகம் என்று வர்ணிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த அவசரம் வேறெந்த இடத்தையும் விடச் சமையலறையிலேயே துலாம்பரமாகத் தெரிகிறது. பத்திரிகையின் ஞாயிறு பதிப்பாக இருந்தாலென்ன, தொலைக்காட்சி நிகழ்ச்சியாக இருந்தாலென்ன, கைத்தொலைபேசியில் வந்து விழும் காணொளியாக இருந்தாலென்ன, சமையற்குறிப்பு என்றால் அதன் தலைப்பில் ஒரு நேரக்கணக்கு இருந்தே ஆகவேண்டும். பத்து நிமிடத்தில் இது, பதினைந்து நிமிடத்தில் அது என்று அறிவிக்காத குறிப்பை இப்போது எவரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.

மேற்கு நாடுகளில் வாழும் எமது இளைய தலைமுறையினர் இவ்வாறு பத்து நிமிடத்தில் செய்து முடிப்பதாகப் பெருமைப்படும் உணவுகளில் ஒன்று, சூடான மாட்டிறைச்சி ரோஸ்ட் சான்ட்விச். வெதுப்பியில் வாட்டிய மாட்டிறைச்சியை மெல்லிய சீவல்களாக அரிந்து, அந்த இறைச்சியின் சாற்றிலேயே ஒரு கணம் தோய்த்து, வாட்டிய பாணின் நடுவே அடுக்கி, கடுகுக் கலவையோ குதிரைமுள்ளங்கிக் கலவையோ பூசி, ஆவி பறக்கப் பறக்க உண்பதே அது. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் ஒருவருக்கு இதைவிட உகந்த உணவு அரிது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கடையில் வாங்குவதை விட மலிவானது. காகிதத்தில் சுற்றப்பட்டு ஆறிப்போய் வரும் உணவை விடச் சுவையானது. என்ன போட்டிருக்கிறார்கள் என்ற ஐயமும் இல்லை.

ஆனால், அந்தப் பத்து நிமிடம் என்ற கணக்கோடு எனக்கு உடன்பாடு இல்லை. சமையற்குறிப்பின் முதல் வரியைக் கவனித்துப் பாருங்கள். "சமைத்த மாட்டிறைச்சி கால் கிலோ" என்ற விதத்திலேயே அது தொடங்கும். அந்த இறைச்சியைச் சமைத்தது யார், எப்போது, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளைக் குறிப்பு எழுதியவர் கேட்பதில்லை. வாசிப்பவரும் கேட்பதில்லை. விரைவு என்று நாம் கொண்டாடுவதன் பின்னால் எவரோ ஒருவரின் நிதானமான உழைப்பு மறைந்து கிடக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண் என்பதே நான் இங்கு பேச விரும்பும் விடயம்.

இந்தச் சான்ட்விச்சின் வரலாறே அதற்குச் சாட்சி சொல்கிறது. சான்ட்விச் என்ற பெயர் இங்கிலாந்தின் நான்காவது சான்ட்விச் பிரபுவான ஜோன் மொன்ராகுவிடமிருந்து வந்தது என்பது பலரும் அறிந்ததே. சூதாட்ட மேசையை விட்டு எழும்ப மனமின்றி இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்ற கதை, 18ஆம் நூற்றாண்டில் லண்டனைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரரான பியர் ஜான் குரோஸ்லி எழுதிய நூலின் வாயிலாகவே பரவியது. ஆனால், பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய என்.ஏ.எம்.ரொட்ஜர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கடற்படை நிருவாகத்திலும் அரசியலிலும் மூழ்கியிருந்த பிரபு சூதாட்ட மேசையில் அல்ல, தனது அலுவலக மேசையில் இருந்தே அதைச் சாப்பிட்டிருக்கக்கூடிய சாத்தியம் அதிகம் என்பது அவரது கருத்து. வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிப்பன் 1762 நவம்பரில் எழுதிய நாட்குறிப்பிலேயே, லண்டன் கழகமொன்றில் கனவான்கள் ஆறிய இறைச்சியையோ சான்ட்விச்சையோ இரவுணவாகக் கொண்ட காட்சி பதிவாகியிருக்கிறது.

பிரபு சூதாடினாரா, கோப்புகளைப் பார்த்தாரா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடலாம். இரண்டு கதைகளிலும் பொதுவாக இருக்கும் ஒன்றை எவரும் வாதத்துக்கு எடுப்பதில்லை. பிரபு கேட்ட மாத்திரத்தில் இறைச்சி வந்து சேர்ந்தது என்றால், அதை முன்கூட்டியே நெருப்பில் வாட்டி வைத்திருந்த சமையலாள் ஒருவர் அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் எங்கோ இருந்திருக்கவேண்டும். பெயர் பிரபுவுக்குப் போய்விட்டது. வாட்டியவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

பின்னாளில் இங்கிலாந்தின் சாதாரண குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய இறைச்சித் துண்டொன்றை ரோஸ்ட் செய்வது வழக்கமாக நிலைபெற்றது. எஞ்சிய இறைச்சி திங்கட்கிழமை ஆறிய நிலையிலேயே பரிமாறப்பட்டது. ஏன் திங்கட்கிழமை? சலவை இயந்திரங்கள் வருவதற்கு முந்திய காலத்தில் திங்கட்கிழமையே துணி துவைக்கும் நாள். தண்ணீர் கொதிக்கவைத்து, துவைத்து, பிழிந்து, உலர்த்துவதில் பெண்களுக்கு நாள் முழுவதும் கழிந்துவிடும். அடுப்பருகில் நின்று சமைப்பதற்கு அவகாசம் கிடையாது. எனவே ஞாயிறு செய்த உழைப்பே திங்கள் கைகொடுத்தது. எஞ்சிய இறைச்சியை பாணுக்குள் வைத்து உண்ணும் பழக்கம் இந்தக் கட்டாயத்தின் மத்தியிலேதான் வீடுகளில் வேரூன்றியது. ஓய்வு நாளில் ஒருமுறையும் சலவை நாளில் மறுமுறையும் உழைத்தவள் ஒரே பெண்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இதே உணவு வேறு வடிவங்களை எடுத்தது. சிக்காகோ நகரின் மாபெரும் கால்நடைச் சந்தையும் இறைச்சிக் களங்களும் 1865இல் தொடங்கி 1971 வரை இயங்கின. அந்த நகரில் குடியேறிய இத்தாலியத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியானவை முற்றிய, கடினமான இறைச்சித் துண்டுகளே. அவற்றை மூலிகைகளும் உள்ளியும் சேர்த்த நீரில் மெதுவாக நெடுநேரம் வேகவைத்து, காகிதம் போல மெல்லியதாக அரிந்தார்கள். கலியாண வீடுகளில் சிறிதளவு இறைச்சியைக் கொண்டு பெருந்தொகையானோரை உபசரிப்பதற்காகவே இந்த உபாயம் கையாளப்பட்டது என்று கூறப்படுகிறது. இன்று 'இத்தாலியன் பீஃப்' என்று உலகம் அறிந்திருப்பது அதுவே. 2022இல் வெளிவரத் தொடங்கிய 'த பெயார்' என்ற தொலைக்காட்சித் தொடர் அந்தச் சான்ட்விச் கடைகளின் வாழ்க்கையை உலகெங்கும் கொண்டுசென்றது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், பாணை இறைச்சிச் சாற்றில் தோய்த்துக் கொடுக்கும் வகையைத் தாமே முதலில் கண்டுபிடித்ததாக 'பிலிப்ஸ்', 'கோல்ஸ்' என்ற இரு உணவகங்கள் உரிமை கோரிவந்திருக்கின்றன. இரண்டுமே 1908இல் தொடங்கப்பட்டவை. எது முந்தியது என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. பஃபலோ நகரிலோ கல்லுப்பும், சீரகத்தைப் போலத் தோற்றமளிக்கும் கேரவே விதையும் தூவிய வட்டப் பணிஸே இதற்குப் பாத்திரம். 1964இல் ஒஹாயோ மாநிலத்தில் ரஃபெல் சகோதரர்கள் 'ஆர்பிஸ்' என்ற கடையைத் திறந்த பின்னர் இந்தச் சான்ட்விச் துரித உணவுத் தொழிலுக்குள்ளும் நுழைந்தது.

இந்த வடிவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கடினமான இறைச்சி, சற்றே உலர்ந்த பாண், பாத்திரத்தின் அடியில் தேங்கிய சாறு ஆகிய மூன்றுமே தனித்தனியாக மதிப்புக் குறைந்த பொருட்கள். மெல்லியதாக அரிவதால் கடினம் தெரியாமற் போகிறது. சாறு பட்டதும் உலர்ந்த பாண் இளகுகிறது. பணக்காரனின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இதை உருவாக்கி வளர்த்தவர்கள் எதையும் வீணாக்கக் கட்டுப்படியாகாத மனிதர்களே.

சில வருடங்களுக்கு முன்னர் ரொறொன்ரோவில் வசிக்கும் எனது தமக்கையாரின் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். அக்கா முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வாரத்தில் ஐந்து நாட்கள் பணிபுரிபவர். அவரது மகன் கணினித் துறையில் இருப்பவன். ஒரு புதன்கிழமை இரவு பத்து மணியளவில் வேலையிலிருந்து திரும்பிய மருமகன் என்னையும் சமையலறைக்கு அழைத்தான்.

"மாமா, பத்தே பத்து நிமிசம். கடைக்குப் போய் வாங்கிற நேரத்துக்குள்ளை நான் செய்து தந்திடுவன்" என்றான்.

சொன்னபடியே செய்தான். கையில் நல்ல பக்குவம் இருந்தது. சுவையும் அபாரம். நான் அவனைப் பாராட்டிக்கொண்டிருக்கையில், மறுநாள் மதிய உணவைப் பெட்டியில் இட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே கேட்டார்:

"பத்து நிமிசமோ? ஞாயிற்றுக்கிழமை ரண்டு மணித்தியாலம் அந்த அடுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டது ஆர், நீயோ?"

இதில் இன்னொரு விடயத்தையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அக்கா மாட்டிறைச்சியை வாயில் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மாத்திரம் உண்டு, கோயிலுக்குப் போய்வருபவர். தான் உண்ணாத ஒன்றை, தனது ஒரே ஓய்வு நாளில், மகன் வாரம் முழுவதும் உண்பதற்காக உப்புத் தடவி வெதுப்பியில் வைத்துக்கொண்டிருந்தார். புலம்பெயர்ந்த நாடுகளில் இவ்வாறான தாய்மார் எத்தனையோ பேர். அவர்களிடம் கேட்டால் அதை ஒரு தியாகம் என்றும் சொல்லமாட்டார்கள். "பிள்ளை பசியோடை வருவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவ்வாறு பேச்சை முடித்துக்கொள்ள நாமும் அனுமதிப்பதே எமது சமூகத்தின் வசதியாக இருந்துவருகிறது.

எனவே, இந்தச் சான்ட்விச்சை வீட்டில் செய்ய விரும்புவோர், குறிப்பாக ஆண்கள், பத்து நிமிடப் பகுதியை மாத்திரமல்ல, இரண்டு மணித்தியாலப் பகுதியையும் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே எனது வேண்டுகோள். அது ஒன்றும் பிரம்மவித்தை அல்ல.

கொழுப்புக் குறைந்த தொடைப் பகுதியில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஒரே துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே உப்பும் அரைத்த மிளகும் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு உலரும். மறுநாள் கனமான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வைத்து, 120 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வெதுப்பியில் வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். கடிகாரத்தை விட இறைச்சிக்குள் செருகும் வெப்பமானியை நம்புவதே நல்லது. நடுப்பகுதி 63 பாகையை அடைந்து, வெளியே எடுத்துக் குறைந்தது மூன்று நிமிடங்கள் ஆறவிட்டு உண்பதே பாதுகாப்பானது என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அறிவுறுத்தல்.

இறைச்சி சிவக்கும்போது சட்டியின் அடியில் ஒட்டிப்பிடிக்கும் கபில நிறப் படிவைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். சுவையின் பாதி அதிலேயே இருக்கிறது. அரைக் கோப்பை நீரூற்றிக் கொதிக்கவைத்துச் சுரண்டி எடுத்து ஒரு போத்தலில் சேமியுங்கள். வெதுப்பியிலிருந்து எடுத்த இறைச்சியை இரண்டு மணித்தியாலங்களுக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடவேண்டும். மூன்று, நான்கு நாட்களுக்கு அது தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒருவேளைக்குரிய அளவுகளாகப் பிரித்து உறையவிடலாம்.

பத்து நிமிடக் கட்டம் இதற்குப் பின்னரே வருகிறது. குளிர்ந்த இறைச்சி இறுகியிருப்பதால் கூரிய கத்தியால் மெல்லியதாக அரிவது சுலபம். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக அரியவேண்டும். நாரின் வழியே அரிந்தால் எத்தனை நல்ல இறைச்சியும் கயிறாக இழுபடும். ஒருவருக்கு 100 கிராம் போதுமானது. சிறிய சட்டியில் பட்டரில் பாதி வெங்காயத்தை வதக்கி, சேமித்த சாற்றையும் கொஞ்சம் நீரையும் ஊற்றி, ஒரு தேக்கரண்டி வூஸ்டர் சோஸ் விட்டுக் கொதிக்கவிடுங்கள். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக் கலவையாளர்கள் 1837இல் விற்பனைக்கு விட்ட அந்தச் சோஸில் எமது பழம்புளியும் நெத்தலி இனக் கருவாட்டுச் சுவையும் கலந்திருக்கின்றன என்பதை அறிந்தால், பழக்கமில்லாதவர்களும் அதை அந்நியமாகக் கருதமாட்டார்கள்.

சாறு கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இறைச்சிச் சீவல்களை அரை நிமிடம் தோயவிட்டு எடுங்கள். கொதிக்கும் சாற்றில் நெடுநேரம் கிடந்தால் இறைச்சியின் புரதம் சுருங்கி நீரை வெளியேற்றி, சீவல் தோல் போலாகிவிடும். அதேவேளை, எஞ்சிய உணவை 74 பாகை வரை சூடாக்கியே உண்ணவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கூறுவதையும் மறக்கக்கூடாது. வீட்டில் முதியவர்கள், கருவுற்ற தாய்மார், நோயாளர்கள் இருந்தால் இறைச்சி சற்று இறுகினாலும் பரவாயில்லை என்று நன்றாகச் சூடாக்குவதே முறை. பாணை அதே சட்டியின் ஓரத்தில் வாட்டி, கடுகுக் கலவை பூசி, சீவல்களை அடுக்கி, வெங்காயத்தை மேலே இட்டு, எஞ்சிய சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

இலங்கையில் இருப்போருக்கு ஒரு குறிப்பு. இங்கே இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பது குறைவு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாற்பண்ணைத் தொழிலிலிருந்து கழிக்கப்பட்ட மாடுகளின் இறைச்சி. அது கடினமானது. ஆங்கிலேயர் முறையில் அதை ரோஸ்ட் செய்தால் பல்லுக்குத்தான் வேலை. சிக்காகோ இத்தாலியர்களின் வழியே எமக்குப் பொருந்தும். மூடிய சட்டியில் உள்ளி, மிளகு, கறுவா சேர்த்த சிறிதளவு நீரில் மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விட்டால் நாரைப் பிணைத்திருக்கும் சவ்வு கரைந்து இறைச்சி இளகிவிடும். இந்த முறையில் வெந்த இறைச்சியை மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்தாலும் கெடாது. வெதுப்பகத்தில் கிடைக்கும் ரோஸ்ட் பாண் அதற்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும்.

மாட்டிறைச்சியைப் பற்றி எழுதியதற்காகக் கடிந்துகொள்ளும் கடிதங்கள் வருமென்பதை நான் அறிவேன். இது எமது நாட்டில் வெறும் உணவு விவகாரம் அல்ல. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்வதற்கான அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ஷவின் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. உண்பவர்களுக்காக இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றும் அப்போது கூறப்பட்டது. நாட்டுக்குள் அறுத்தால் பாவம், கப்பலில் வந்தால் பாவமில்லை என்ற அந்தத் தர்க்கம் எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. உண்ணாதவரின் நம்பிக்கை மதிக்கப்படவேண்டும். உண்பவரின் தட்டை எட்டிப் பார்க்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. இரண்டையும் ஒரே சமையலறையில் சாத்தியமாக்கிக் காட்டுபவர் எனது அக்கா. உண்ணாதவர்கள் இதே முறையை ஆட்டுத் தொடையிலோ கோழியிலோ கையாளலாம். கோழியானால் உட்பகுதி 74 பாகையை அடைந்தே ஆகவேண்டும்.

நேற்றைய சமையலை இன்று புதிதாக்கும் கலை எமக்குப் புதிதும் அல்ல. குளிர்சாதனப் பெட்டியோ மின்சாரமோ இல்லாத வீடுகளில் இரவு எஞ்சிய கறிகளையெல்லாம் ஒரே சட்டியில் சேர்த்து வற்றக் காய்ச்சி வைப்பார்கள். மறுநாள் காலையில் அந்தச் சுண்டக்கறிக்கு நடந்த போட்டியை யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருந்த வருடங்களில் கறியைக் கெடாமற் காப்பதற்கு இருந்த ஒரே வழியும் அதுவே. ஆறிய கறியைச் சூடாக்க ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஆனால், எல்லோரும் படுக்கச் சென்ற பின்னர் விளக்கொளியில் அடுப்பருகே அமர்ந்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்த அம்மாவையோ அம்மம்மாவையோ அந்த ஐந்து நிமிடக் கணக்கில் எவரும் சேர்த்ததில்லை.

எனது தொழிலிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிரமுகர் காலமானார் என்ற செய்தி வரும். நள்ளிரவுக்குள் அவரது வாழ்க்கை வரலாறு முழுப்பக்கத்துக்குத் தயாராகிவிடும். மறுநாள் வாசகர்கள் ஆசிரியபீடத்தின் வேகத்தை மெச்சுவார்கள். உண்மையில் அந்தப் பக்கத்தை ஆக்கியது அந்த ஒரு மணித்தியாலம் அல்ல. பத்திரிகைத் துண்டுகளை வருடக்கணக்கில் வெட்டி, திகதியிட்டு, கோவைகளில் ஒட்டிவைத்த நூலகப் பணியாளரே ஆக்கினார். கட்டுரையின் மேலே எழுதியவரின் பெயர் இருக்கும். கோவையைப் பேணியவரின் பெயர் இருப்பதில்லை. சமையலறையும் செய்தியறையும் இந்த விடயத்தில் வேறுபட்டவை அல்ல.

அவ்வாறாயின் என்ன செய்யலாம்? அம்மாவைப் புகழ்ந்து அன்னையர் தினத்தில் வாழ்த்து அனுப்புவது போதாது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பை யார் பார்ப்பது என்பதை வீட்டில் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளவேண்டும். வாரநாட்களில் அந்த இறைச்சியை உண்பவர் எவரோ, அவர் தனது முறைக்கு வாட்டவேண்டும். கத்தியையும் சட்டியையும் கழுவி வைப்பதும் அந்த முறையில் அடங்கும். சமையல் என்பது கைமணம், கைப்பக்குவம் என்று சொல்லிப் பெண்களிடமே அதை விட்டுவிடும் தந்திரம் இங்கே செல்லாது. வெப்பமானியை வாசிப்பதற்குக் கைமணம் தேவையில்லை.

அன்றிரவு எனது மருமகன் தாயாருக்கு மறுபேச்சுப் பேசவில்லை. "சரி அம்மா, வாற ஞாயிறு நான் வைக்கிறன்" என்றான். அவன் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தகைய வாக்குறுதிகளை அரசியலில் நிறையவே கேட்டவன் நான். நான் கொழும்பு திரும்பிய பின்னர் ஒருநாள் அக்கா தொலைபேசியில் பேசினார். அவன் இறைச்சியை வைத்ததாகவும், மூன்று ஞாயிறுகளாக வைத்துவருவதாகவும் கூறினார். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"முதல் தரம் உப்புக் கூடிப்போச்செண்டு அவனே சொன்னான், தம்பி. ஆனா நான் மத்தியானம் படுத்து நாலு மணிக்குத்தான் எழும்பினன்" என்றார்.

அறுபது வயதைக் கடந்த ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கண்ணயர்ந்ததை ஒரு செய்தியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் வாழும் எமது வாசகர்கள் தமது வீட்டில் அத்தகைய செய்தி கடைசியாக எப்போது கிடைத்தது என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும். எண்ணிப்பார்த்த பின்னர் சான்ட்விச்சைச் செய்யட்டும். இறைச்சியை வாங்குவதிலிருந்து தொடங்கட்டும்.